610 கோடி டாலர் கட்டி வெளியேறிய யூபிஎஸ்: கூட்டு ஓய்வூதிய நிதியிலிருந்து விலகும் முதலாளியின் கடமைகள்

2007 டிசம்பரில் அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யூபிஎஸ், சென்ட்ரல் ஸ்டேட்ஸ் என்ற ஓய்வூதிய நிதிக்கு 610 கோடி டாலரை மொத்தமாகச் செலுத்தியது. அந்த நிதியிலிருந்து விலகிக்கொள்ள அது கொடுத்த தொகை இது. முந்தைய ஆண்டில் 420 கோடி டாலராக இருந்த நிகர லாபம் இந்த ஒரு செலவால் 38.2 கோடி டாலராகச் சுருங்கியது. யூபிஎஸ் சந்தா பாக்கி வைத்திருந்த நிறுவனமல்ல. சென்ட்ரல் ஸ்டேட்ஸின் முதலாளிகளிலேயே அதிகச் சந்தா கட்டியது அதுதான். கட்டவேண்டியதை ஒழுங்காகக் கட்டிவந்த நிறுவனம், வெளியே போவதற்கு ஏன் இவ்வளவு பெரிய தொகை கொடுக்கவேண்டும்? கொடுத்த பிறகாவது அதன் பொறுப்பு தீர்ந்ததா? இந்த ஆய்வு இந்த இரண்டு கேள்விகளையும் பற்றியது. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லாரி ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் ஆகியோர் அடிக்கடி முதலாளியை மாற்றுகிறவர்கள். ஒரே நிறுவனத்தில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வூதியம் பெறுவது அவர்களுக்கு அரிது. அதனால் ஒரு தொழிற்சங்கத்தின் கீழுள்ள பல முதலாளிகள் ஒரே நிதியில் சந்தா கட்டுகிறார்கள். தொழிலாளி எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அவருடைய பணிக்காலம் தொடர்ந்து சேரும். 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி இப்படிப்பட்ட கூட்டு நிதியைச் சங்கத்தரப்பும் முதலாளித்தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்த அறங்காவலர் குழு நடத்தவேண்டும். லாரி ஓட்டுநர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதி 1955-இல் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பியவர் சங்கத் தலைவர்களில் ஒருவரான ஜிம்மி ஹோஃபா. கடன் கொடுத்த விதத்தில் பல ஊழல்கள் வெளிவந்து, 1982-இல் அது நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வந்தது. ஆனால் அந்த நிதியைப் பிற்காலத்தில் அழுத்திய சுமைக்கு ஊழலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. அதன் முதன்மைக் காரணம் 1980-இல் இருக்கிறது.

அந்த ஆண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டர் மூன்று மாத இடைவெளியில் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று வந்த மோட்டார் கேரியர் சட்டம் சரக்குப் போக்குவரத்தில் இருந்த கட்டணக் கட்டுப்பாடுகளையும் உரிமத் தடைகளையும் தளர்த்தியது. சங்கம் இல்லாத புதிய நிறுவனங்கள் சந்தையில் நுழைந்தன. சங்க ஒப்பந்தத்தில் இருந்த பழைய லாரி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. செப்டம்பர் 26 அன்று வந்த இரண்டாவது சட்டம், பல முதலாளிகள் சேர்ந்த ஓய்வூதிய நிதியிலிருந்து விலகும் எவரும் நிதியின் பற்றாக்குறையில் (கொடுக்கவேண்டிய ஓய்வூதியங்களுக்குக் குறையும் பணத்தில்) தம் பங்கைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்றது. முதல் சட்டம் நிறுவனங்களை வீழ்த்தும் போட்டியைத் திறந்துவிட்டது, இரண்டாவது வெளியேறும் வாசலுக்கு விலை வைத்தது. திவாலான நிறுவனத்திடம் அந்த விலையைப் பெரும்பாலும் முழுதாக வசூலிக்க முடியாது. யூபிஎஸ் போன்ற வலுவான நிறுவனங்களின் தலையில் பிறருடைய பாரமும் ஏறியதற்கு வேர் இதுதான்.

இரண்டாவது சட்டத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் கார் நிறுவனம் இண்டியானாவின் சவுத் பெண்டில் இருந்த ஆலையை மூடியது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்கு உட்பட்ட சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு, வரவேண்டிய ஓய்வூதியத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 15 சென்ட் மட்டுமே கிடைத்தது. அந்த அதிர்ச்சி பத்தாண்டுக்குப் பிறகு, 1974-இல், எரிசா என்ற ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமாக உருப்பெற்றது. கூடவே பிபிஜிசி என்ற அரசுக் காப்பு நிறுவனமும் வந்தது. ஆனால் கூட்டு நிதிகள் விஷயத்தில் எரிசாவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு முதலாளி விலகி ஐந்தாண்டுக்குள் நிதியே கலைக்கப்பட்டால்தான் அவர்மேல் பொறுப்பு விழும். ஐந்தாண்டு தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் நிதி தள்ளாடுகிறது என்று தெரிந்தவுடன் முதலில் ஓடுகிறவருக்கு லாபம், கடைசிவரை நிற்கிறவருக்குத் தண்டனை. ஏலச்சீட்டில் பணத்தை எடுத்துக்கொண்டு மீதித் தவணையைக் கட்டாமல் போகிறவரின் பாக்கி மற்றவர்கள்மேல் விழுவதைப் போன்றது இது. 1980-இன் சட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1984, 1986, 1993 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் மூன்று முறை இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. 1993-இல் தீர்ப்பான கான்கிரீட் பைப் வழக்கில், மூன்றரை ஆண்டு மட்டுமே சந்தா கட்டிய ஒரு நிறுவனத்துக்கு வந்த விலகல் கோரிக்கை 2.68 லட்சம் டாலர். அதையும் நீதிமன்றம் செல்லும் என்றது.

எது விலகல்?

சட்டம் முழு விலகல், பகுதி விலகல் என்று பிரிக்கிறது. சந்தா கட்டும் கடமை நிரந்தரமாக முடிந்தாலோ, அந்த நிதிக்குட்பட்ட வேலையை நிறுவனம் நிரந்தரமாக நிறுத்திவிட்டாலோ அது முழு விலகல். ஆலையை மூடுவது, சங்க ஒப்பந்தம் காலாவதியாகிப் புதுப்பிக்காமல் போவது, தொழிலாளர்களே வாக்களித்துச் சங்கத்தை விட்டு வெளியேறுவது எல்லாம் இதற்குள் வரும். முதலாளி விரும்பி எடுத்த முடிவா என்று சட்டம் கேட்பதில்லை. வேலைநிறுத்தத்தால் சந்தா நின்றால் மட்டும் அது விலகல் ஆகாது. சந்தாவுக்கு அடிப்படையான வேலையளவு 70 சதவீதம் குறைந்து மூன்று ஆண்டு நீடித்தால் பகுதி விலகல். பல கிளைகளில் ஒன்றை மட்டும் சங்க ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே வேலையைச் சங்கமில்லாத ஆட்களை வைத்துத் தொடர்ந்தாலும் பகுதி விலகல்தான்.

கட்டுமானத் துறைக்குத் தனி விதி. ஒரு கட்டுமான வேலை முடிந்து சந்தா நின்றால், அந்த ஒப்பந்ததாரர் ஐந்தாண்டுக்குள் அதே பகுதியில் அதே வேலையைச் சந்தா கட்டாமல் மீண்டும் செய்தால்தான் பொறுப்பு. திரைத்துறைக்கும், ஏறக்குறைய எல்லாச் சந்தாவும் லாரித் தொழிலிலிருந்தே வரும் நிதிகளுக்கும்கூடச் சலுகை உண்டு.

நிறுவனத்தை விற்கும்போதுதான் பலரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பங்குகளை விற்றால் நிறுவனம் அதேதான், விலகல் இல்லை. சொத்துகளை மட்டும் விற்றால் விற்றவருடைய சந்தாக் கடமை முடிகிறது, ஆகவே அது விலகல். இதைத் தவிர்க்கச் சட்டம் ஒரு வழி தருகிறது. வாங்குகிறவர் ஏறக்குறைய அதே அளவு சந்தாவைத் தொடரவேண்டும், ஐந்தாண்டுக்குப் பிணைத்தொகை வைக்கவேண்டும். அந்த ஐந்தாண்டில் வாங்கியவர் விலகிக் கட்டாமல் போனால் விற்றவர் கட்டவேண்டும் என்பதும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட பரிமாற்றம் எதையும் கணக்கில் எடுக்காமலே தொகை நிர்ணயிக்கப்படும்.

இன்னொரு கடுமையான விதி கூட்டு உடைமை பற்றியது. 80 சதவீதம் பொது உடைமையில் உள்ள தொழில்கள் அனைத்தும் ஒரே முதலாளியாகக் கருதப்படும். லாரி நிறுவனம் கட்டாவிட்டால், அதே குடும்பத்தின் வேறு நிறுவனத்திடம் நிதி கேட்கலாம். உரிமையாளர் தன் பெயரில் வைத்திருக்கும் கட்டடத்தை நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகையையும் ஒரு தொழிலாகக் கொண்டு நீதிமன்றங்கள் அவரிடமே வசூலிக்க அனுமதித்திருக்கின்றன. வரையறுத்த பொறுப்பு நிறுவனம் என்ற கவசம் இங்கே உதவாது. சிறு முதலாளி தன் வழக்கறிஞரிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

தொகை எப்படி வருகிறது

விலகும் ஆண்டுக்கு முந்தைய திட்ட ஆண்டின் (நிதியின் கணக்கு ஆண்டின்) இறுதி நாளில், தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்ட ஓய்வூதியங்களின் மதிப்பிலிருந்து நிதியின் சொத்தைக் கழித்தால் வருவது பற்றாக்குறை. அதில் இந்த முதலாளியின் பங்கைக் கண்டுபிடிக்கச் சட்டம் நான்கு முறைகளைத் தருகிறது. பெரும்பாலான முறைகளில், கடைசிச் சில ஆண்டுகளில் எல்லா முதலாளிகளும் கட்டிய சந்தாவில் இவர் கட்டியது எத்தனை சதவீதம் என்பதே அடிப்படை. இதன் விளைவைக் கவனியுங்கள். மூடிப்போன நிறுவனங்களின் ஓய்வூதியர்களுக்கான பாரமும் இருக்கிறவர்கள் நடுவே பகிரப்படுகிறது. அதிகச் சந்தா கட்டுகிறவருக்கு அதிகப் பங்கு. யூபிஎஸ் தன் ஆட்களுக்கு மட்டும் என்றால் இவ்வளவு கட்டவேண்டி வந்திருக்காது.

எதிர்கால வட்டியை எவ்வளவு என்று கொள்வது என்பதும் பெரிய சண்டை. வட்டியைக் குறைவாகக் கொண்டால் பற்றாக்குறை பெருகும். ஆக்சுவரி, அதாவது நிதியின் வருங்காலக் கடனைக் கணக்கிடும் நிபுணர், தன் சிறந்த மதிப்பீட்டைத் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சந்தா நிர்ணயிக்க ஒரு வட்டி, விலகுகிறவரிடம் வசூலிக்க வேறொரு குறைந்த வட்டி என்று வைத்த நிதிகள் 2021-இலும் 2022-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தோற்றிருக்கின்றன.

பங்கு எவ்வளவு ஆனாலும் கட்டும் தவணை வேறு கணக்கு. கடைசிப் பத்தாண்டில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் மிக உயர்ந்த சராசரி வேலையளவை, அந்தப் பத்தாண்டின் மிக உயர்ந்த சந்தா வீதத்தால் பெருக்கினால் வருவதே ஆண்டுத் தவணை. கற்பனைக் கணக்கு ஒன்று: ஒரு லாரி நிறுவனத்தில் நல்ல காலத்தில் 40 ஓட்டுநர்கள், ஆண்டுக்கு 50 வாரம், ஆக 2,000 வாரங்கள். உயர்ந்த சந்தா வாரத்துக்கு 200 டாலர். தவணை ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். விலகும்போது 15 ஓட்டுநர்களே இருந்தாலும் அதே 4 லட்சம்தான். பங்கு தீரும்வரை, அதிகபட்சம் 20 ஆண்டு கட்டவேண்டும். எல்லா முதலாளிகளும் ஏறக்குறைய ஒன்றாக விலகினால் அந்த 20 ஆண்டு உச்சவரம்பும் போய்விடும்.

கோரிக்கைக் கடிதம் வந்தபின் நாட்கள் முக்கியம். 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். நிதி பதில் சொன்னதிலிருந்து, அல்லது கேட்டு 120 நாள் ஆனதிலிருந்து, எது முந்தியோ அதிலிருந்து 60 நாளுக்குள் நடுவர் மன்றம் போகவேண்டும். தவறவிட்டால் நிதி சொன்ன தொகையே இறுதி. எவ்வளவு நியாயமான வாதமும் அதற்குப்பின் எடுபடாது. தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் தவணை 60 நாளுக்குள் தொடங்கிவிடவேண்டும் என்பதுதான் பலருக்குப் புரியாத பகுதி. முதலில் கட்டு, பிறகு வாதாடு. தவணை தவறி, அதற்கான அறிவிப்பு வந்து 60 நாளிலும் கட்டாவிட்டால் மீதம் முழுவதையும் உடனே கேட்கலாம். கடுமையாகத் தெரிந்தாலும் இதை நான் ஏற்கிறேன். ஓய்வூதியருக்கு மாதாமாதம் காசோலை போயாகவேண்டும், அவரால் வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது.

1997-இல் மறுத்த சங்கம் 2007-இல் ஏன் ஒப்புக்கொண்டது

1997 ஆகஸ்ட்டில் யூபிஎஸ்ஸின் 1,85,000 டீம்ஸ்டர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிநேர வேலை பற்றிய கோரிக்கையே பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் கூட்டு நிதிகளிலிருந்து விலகித் தனித் திட்டம் தொடங்கலாம் என்ற நிறுவனத்தின் யோசனையும் அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது. சங்கம் வென்றது, யூபிஎஸ் யோசனையைக் கைவிட்டது.

பத்தாண்டில் நிலைமை மாறியது. 2000-இன் சந்தைச் சரிவில் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் அடிபட்டது. 2004 முதல் புதிதாகச் சேரும் ஓய்வூதிய உரிமையின் வீதம் பாதியாகக் குறைக்கப்பட்டது. யூபிஎஸ் ஓட்டுநர் தனக்காகக் கட்டப்படும் சந்தா வேறு நிறுவனத்தின் பழைய கடனுக்குப் போவதைப் பார்த்தார். 2007-இல் ஜிம்மி ஹோஃபாவின் மகன் ஜேம்ஸ் பி. ஹோஃபா தலைமையிலான சங்கம், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே பேச்சு நடத்தி விலகலுக்கு ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 45,000 தொழிலாளர்கள் யூபிஎஸ்ஸும் சங்கமும் சேர்ந்து நடத்தும் புதிய திட்டத்துக்கு மாறினார்கள். சங்கத்துக்குள் இருந்த சீர்திருத்தக் குழு கடுமையாக எதிர்த்தது. பெரிய சந்தாதாரர் போய்விட்டால் மற்ற லாரித் தொழிலாளர்களின் கதி என்னாகும் என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு அப்போது நேரான பதில் சொல்லப்படவில்லை.

சட்டப்படி யூபிஎஸ் தவணையில் கட்டியிருக்கலாம். மொத்தமாகக் கட்டியது. 2006, 2007-இல் பங்குச்சந்தை உயரத்தில் இருந்தது, நிதியின் சொத்து மதிப்பும் உயரத்தில் இருந்தது, ஆகவே பற்றாக்குறை குறைவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே சந்தை இடிந்து, 2008-இல் சென்ட்ரல் ஸ்டேட்ஸின் முதலீடுகள் 30 சதவீதம் அளவுக்குச் சரிந்தன. விலகல் ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் தொகை பல நூறு கோடி டாலர் கூடியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பெற்ற 610 கோடியும் அந்தச் சரிவில் சேர்ந்து கரைந்தது. சட்டம் ஒரு நாளின் மதிப்பை வைத்து விலை போடுகிறது. அந்த நாளுக்குப் பிறகு வரும் இழப்பு இருக்கிறவர்களுடையது.

சட்டம் கேட்டதற்கு மேல் கொடுத்த வாக்குறுதி

2007 ஒப்பந்தத்தில் யூபிஎஸ் இன்னொன்றுக்கும் கையெழுத்திட்டது. 2008 ஜனவரி 1 அன்று இன்னும் ஓய்வு பெறாமல் இருந்த தன் தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைச் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் என்றாவது சட்டப்படி குறைத்தால், அந்தக் குறையைத் தன் புதிய திட்டம் ஈடுசெய்யும் என்பதே அது. அன்றைய சட்டத்தில், நிதி திவாலானால் ஒழிய, ஏற்கெனவே சேர்ந்த அடிப்படை ஓய்வூதியத்தைக் குறைக்க வழி இல்லை. அதனால் இது பெரும்பாரமாகத் தோன்றியிருக்காது.

2014 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வழியைத் திறந்தது. திவாலை நோக்கிப் போகும் கூட்டு நிதிகள், கருவூலத்தின் அனுமதியோடு, ஓய்வு பெற்றவர்களின் தொகையைக்கூடக் குறைக்கலாம் என்றது புதிய சட்டம். வெட்டு எந்த வரிசையில் விழவேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. விலகல் தொகையைக் கட்டாமல் போன நிறுவனங்களின் ஆட்களுக்கு முதலில். முழுத் தொகையையும் கட்டி, குறைந்தால் ஈடுசெய்வதாகச் சங்க ஒப்பந்தத்தில் ஏற்ற முதலாளியின் ஆட்களுக்குக் கடைசியில். பெயர் சொல்லாமலே அது யூபிஎஸ்ஸைக் குறித்தது. ஒரு முதலாளி ஏமாற்றிவிட்டுப் போனதற்கு அவரிடம் உழைத்தவர் முதலில் வெட்டுப்படவேண்டும் என்ற இந்த வரிசை எனக்கு மனம் ஒப்பாதது. அந்தத் தொழிலாளி செய்த குற்றம் எதுவுமில்லை.

2015 செப்டம்பரில் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் வெட்டுக்கு விண்ணப்பித்தது. ஏறக்குறைய 4 லட்சம் உறுப்பினர்கள் கொண்ட நிதி, சந்தாவாக வருவதைவிட ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பலருடைய ஓய்வூதியம் பாதியாகும் நிலை. 2016 மே 6 அன்று கருவூலத்தின் சார்பில் கென்னத் ஃபைன்பெர்க் அதை நிராகரித்தார். முதலீட்டு வருமானத்தை நம்பமுடியாத அளவுக்கு உயர்த்திக் கணக்கிட்டது, வெட்டு சமமாகப் பகிரப்படாதது, அறிவிப்புக் கடிதங்கள் சாதாரண மனிதருக்குப் புரியாதது ஆகியவை காரணங்கள். நிராகரிப்பு ஓய்வூதியர்களுக்கு வெற்றி. ஆனால் நிதி 2025 வாக்கில் திவாலாகும் என்பதை அது மாற்றவில்லை. திவாலானால் பிபிஜிசி கூட்டு நிதிகளுக்குத் தரும் உத்தரவாதம் மிகச் சிறியது: முப்பது ஆண்டு உழைத்தவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 12,870 டாலர். அதைக் கொடுக்கவும் பிபிஜிசியிடம் அப்போது பணம் இல்லை.

இங்கேதான் யூபிஎஸ்ஸின் பழைய வாக்குறுதி உயிர்பெற்றது. திவால் நெருங்க நெருங்க, அந்த ஈட்டுக்காக நிறுவனம் தன் கணக்கில் பல நூறு கோடி டாலர் கடனாகக் காட்டவேண்டி வந்தது. 610 கோடி கட்டி முடித்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே நிதிக்காக மறுபடி ஒரு கடன். சட்டம் விதித்த விலகல் தொகைக்கு ஒரு முடிவு உண்டு. சங்கத்தோடு பேசி எழுதிய வாக்குறுதிக்கு, அதில் எழுதியிருக்கும் மனிதர்கள் வாழும்வரை முடிவில்லை. தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் 2007 ஒப்பந்தத்தில் மிக மதிப்புள்ள வரி அதுதான். 610 கோடி நிதியின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்த வாக்குறுதிதான் குறிப்பிட்ட மனிதர்களைக் காத்தது.

2021 மார்ச்சில் வந்த அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் இக்கட்டைத் தீர்த்தது. அதன்படி சென்ட்ரல் ஸ்டேட்ஸுக்கு 3,580 கோடி டாலர் அரசு உதவி 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வெட்டு இல்லை, யூபிஎஸ்ஸின் ஈட்டுக்கடனும் பெருமளவு இறங்கியது. ஆனால் விலக நினைக்கும் முதலாளிகளுக்கு அந்த உதவி சலுகையாகவில்லை. உதவிப் பணத்தை முழுச் சொத்தாக உடனே காட்டிப் பற்றாக்குறையைக் குறைக்கக்கூடாது, ஆண்டுகள் பலவற்றில் சிறிது சிறிதாகவே சேர்க்கவேண்டும் என்று பிபிஜிசி விதித்தது. 2023 ஆகஸ்ட்டில் திவால் மனு கொடுத்த யெல்லோ என்ற பழைய லாரி நிறுவனத்திடம் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் மட்டும் 480 கோடி டாலர் கேட்டது. அரசு கொடுத்த பணத்தைக் கழித்தால் பற்றாக்குறையே இல்லையே என்று யெல்லோ தரப்பு வாதாடியது. திவால் நீதிமன்றம் 2024-இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 செப்டம்பரிலும் பிபிஜிசியின் விதியே செல்லும் என்றன. ஓய்வூதியர்களுக்காக மக்கள் கொடுத்த வரிப்பணம் வெளியேறும் முதலாளிக்கான தள்ளுபடியாக மாறக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

யூபிஎஸ் 2012-இல் நியூ இங்கிலாந்து டீம்ஸ்டர் நிதியோடு வேறு மாதிரியான ஏற்பாட்டுக்கு வந்தது. பழைய பங்கைத் தீர்க்க ஆண்டுக்கு 4.3 கோடி டாலர் வீதம் 50 ஆண்டுக்குத் தவணை. சட்டம் சொல்லும் 20 ஆண்டைவிட நீளமானது, பேசி முடிவானது. அதோடு புதிய முதலாளியாக அதே நிதியின் தனிப்பிரிவில் மறுபடி சேர்ந்தது. அந்தப் பிரிவில் தன் ஆட்களுக்கான பொறுப்பு மட்டுமே, பிறர் விட்டுச்சென்ற பாக்கி இல்லை. சந்தாதாரரை இழக்காமல் பழைய கடனையும் வசூலிக்கும் இந்த வழியே இரு தரப்புக்கும் நல்லது என்று கருதுகிறேன். 1997-க்கும் 2007-க்கும் இடையே சென்ட்ரல் ஸ்டேட்ஸில் இது நடந்திருக்கவேண்டும்.

யூபிஎஸ்ஸுக்கு இருந்த பேரம் பேசும் பலம் பத்து லாரி வைத்திருப்பவருக்குக் கிடையாது. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் விலகல் தொகையின் மதிப்பீட்டை நிதியிடம் எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கும் உண்டு. நிதி 180 நாளுக்குள் தரவேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்பும், ஒரு கிளையை மூடும் முன்பும், நிறுவனத்தை விற்கப் பேச்சைத் தொடங்கும் முன்பும் அந்தக் கடிதம் கையில் இருக்கவேண்டும்.